அபாயக் கோடு பிறந்த கதை

எங்கள் வீட்டுக்குத் தெருவிலிருந்து ஏழு படி. அப்பத்தா கடைசிக் காலத்தில் ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து எழுந்துதான் இறங்குவார். "இம்புட்டு ஒசரம் எதுக்கு அப்பத்தா?" என்று கேட்டால், "கடல்கிட்டேருந்து வந்தவுக நாம. தண்ணி வந்தாலும் வீட்டுக்குள்ள ஏறக் கூடாதுன்னு பெரியவுக கட்டுனது" என்பார். காரைக்குடியிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமானால் தேவகோட்டை வழியாகத் தொண்டிக்குப் பஸ் ஏற வேண்டும். செம்மண் காட்டுக்கு நடுவே, கடல் சத்தம் கேட்காத ஊரில், கடலுக்குப் பயந்து படி கட்டியிருக்கிறார்கள்.

எங்கள் நகரத்தார் காவிரிப்பூம்பட்டினத்தை விட்டுவந்த கதையை ஊருக்கு ஊர் ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள். சோழ மன்னனோடு பகை என்பார்கள் சிலர். கடல் கொண்டது என்பார்கள் சிலர். புகார் என்ற அந்தப் பட்டினத்தைக் கடல் விழுங்கியதை மணிமேகலையும் சொல்கிறது. பாண்டிய நாட்டில் இளையாத்தங்குடிக் கோயிலைப் பெற்றுக் குடியேறிய ஆண்டு கி.பி. 707 என்பது மரபு. இதில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு நம்பிக்கை என்று பிரித்தெடுக்க நான் முயலவில்லை. படி இருக்கிறது. பயம் கல்லாகி நிற்கிறது. அதுபோதும் எனக்கு.

படியோடு நின்றுவிடவில்லை அவர்கள். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால், நாலு பக்க ஓட்டுச் சரிவிலிருந்தும் தண்ணீர் நடு முற்றமான வளவுக்குள் கொட்டும். மூலையில் வைத்த கிடாரம் நிரம்பிய பிறகு, மிச்சத் தண்ணீர் கல் தூம்புக்குள் இறங்கித் தெருவுக்குப் போகும். தெருவே ஒரு பக்கம் சரிந்திருக்கும். அந்தச் சரிவில் ஓடி ஊரணியில் சேரும். பாத்திரம் கழுவிய தண்ணீருக்கு அந்த வழி கிடையாது. அது பின்கட்டுத் தென்னைக்கும் வாழைக்கும். 2014-ல் செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோ தன் உத்தேசப் பட்டியலில் சேர்த்தபோது, மாளிகைகளோடு இந்த மழைநீர் ஏற்பாட்டையும் எடுத்துச் சொல்லியிருந்தார்கள்.

ஆக, எங்கள் பெரியவர்கள் இரண்டு கணக்கு வைத்திருந்தார்கள். தண்ணீர் வந்தால் எவ்வளவு உயரம் வரும் என்பது ஒன்று. தண்ணீரை எந்த வழியில் வெளியேற்றுவது என்பது இன்னொன்று. நம் நாட்டின் கடற்கரைச் சட்டம் இந்த இரண்டு கணக்கையும் தனித்தனியாகக் கற்றுக்கொண்டது. வழியை முதலில், உயரத்தை வெகுநாள் கழித்து, பல ஆயிரம் உயிர்களைக் கொடுத்த பிறகு. நான் சொல்ல வந்தது அந்தக் கதை.

அது ஒரு கடிதத்தில் தொடங்குகிறது. 1981 நவம்பரில் பிரதமர் இந்திரா காந்தி கடலோர மாநில முதலமைச்சர்கள் எல்லோருக்கும் எழுதினார். தமிழ்நாட்டில் அப்போது எம்.ஜி.ஆர். ஆட்சி. ஓதம் மிக உயர்ந்து ஏறும் இடத்திலிருந்து குறைந்தது 500 மீட்டருக்குக் கடற்கரையில் எந்த வேலையும் கூடாது என்பது அந்தக் கடிதத்தின் முக்கியச் செய்தி. 500 மீட்டர் என்ற அந்த எண் பிறகு பெயர் பெற்றுவிட்டது. இன்றைக்கும் கடலோரத்தில் மனை வாங்கப் போகிறவர் "சி.ஆர்.இசட். வருதா?" என்று கேட்கிறார் என்றால் அந்தக் கேள்வியின் ஊற்று அங்கேதான். ஆனால் அதே கடிதத்தில் பலரும் கவனிக்காத இன்னொரு வரி இருந்தது. தொழிற்சாலைக் கழிவால் மட்டுமின்றி நகரக் கழிவாலும் கடற்கரை கெடுவதை முழுவதும் தவிர்க்க வேண்டும் என்பது அதன் சாரம். கடலோரக் கழிவுநீருக்கான விதியின் விதை அந்த ஒரு வரி. அதே 1981-ல் பாக்கு நீரிணைக்கு அக்கரையில், இலங்கையில், கரையோரப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. சராசரி உயர் நீர்மட்டத்திலிருந்து 300 மீட்டர் நிலம் வரைக்கும் அந்தச் சட்டத்தின் கை நீண்டது. இக்கரையில் கடிதம், அக்கரையில் சட்டம்.

கடிதம் விதியாக மாறப் பத்தாண்டு ஆயிற்று. நடுவில் 1984 டிசம்பரில் போபால் விஷவாயு விபத்து நடந்தது. அதன் பின்னால் 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் 1991 பிப்ரவரி 19-ஆம் தேதி கடலோர ஒழுங்குமுறை மண்டல (சி.ஆர்.இசட்.) அறிவிக்கை வெளியானது. ஊர்களும் நகரங்களும் சுத்திகரிக்காத கழிவுநீரைக் கடலில் விடக் கூடாது. ஏற்கெனவே விட்டுக்கொண்டிருந்தால் மூன்று ஆண்டுக்குள் நிறுத்திவிட வேண்டும் என்று அதில் எழுதினார்கள். சுத்திகரித்த நீரை வெளியேற்றும் அமைப்புகளுக்கும் மழைநீர் வடிகால்களுக்கும் விலக்கு உண்டு. கணக்குப்படி 1994 பிப்ரவரியில் இந்தியக் கடற்கரை முழுவதும் சாக்கடை நின்றிருக்க வேண்டும்.

நிற்கவில்லை. 2011 ஜனவரி 6-ஆம் தேதி புதிய அறிவிக்கை வந்தபோது அதே வாசகத்தை மறுபடி எழுதினார்கள். இந்த முறை கெடு இரண்டு ஆண்டு. இருபது ஆண்டாகத் தீராமல் நின்ற பிரச்சினைக்கு, கெடு மட்டும் ஓர் ஆண்டு குறைந்தது.

ஏன் நடக்கவில்லை என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். கடற்கரையில் விடுதி கட்டுகிறவரைத் தடுக்க அரசு இருக்கிறது. இறால் பண்ணைக்காரரைத் தடுக்க நீதிமன்றம் இருந்தது. ராமநாதபுரம் மாவட்டத்துச் செங்கப்படையில் பிறந்த காந்தியவாதி ஜெகந்நாதன், தஞ்சைக் கடலோரத்தில் இறால் பண்ணைகளின் உப்புக் கழிவுநீர் வயலையும் கிணற்றையும் பாழாக்குவதைக் கண்டு உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 11-ஆம் தேதி வந்த தீர்ப்பு அந்தப் பண்ணைகளை மண்டலத்திலிருந்து அகற்றச் சொன்னது. அங்கே குற்றம் செய்தவர் ஒருவர், கேட்டவர் இன்னொருவர். ஊர்ச் சாக்கடையில் அப்படி இல்லை. விதியை நிறைவேற்ற வேண்டியவர் எவரோ, குழாயின் வாய் அவர் கையில்தான் இருக்கிறது. பேரூராட்சியும் நகராட்சியும் தம்மைத் தாமே தடுத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பணம் வேண்டும், நிலம் வேண்டும், மின்சாரம் வேண்டும். அறிவிக்கையில் கெடு இருந்தது. இந்த மூன்றும் எங்கிருந்து வரும் என்பது இல்லை.

பாதாளச் சாக்கடை என்பது சரிவை நம்பிய வேலை. வீட்டுக் குழாய் தெருக் குழாயில் சேரும், தெருக் குழாய் பெரிய குழாயில் சேரும், எல்லாம் மெல்ல மெல்லப் பள்ளம் நோக்கி இறங்கும். கடலோர ஊரில் பள்ளம் என்றால் கடல் பக்கம். அங்கே ஆழமாக ஒரு கிணறு தோண்டி, சேர்ந்த கழிவுநீரை மோட்டார் வைத்து மேட்டில் இருக்கும் சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஏற்ற வேண்டும். ஆக, ஊரிலேயே அதிக ஆபத்தான இடத்தில், ஊரிலேயே முக்கியமான மோட்டாரை வைக்க வேண்டியிருக்கிறது. வேறு வழியே கிடையாது என்பதல்ல. மற்ற வழி எல்லாம் செலவு கூடியவை.

கிழக்குக் கரையில் அப்படி ஓர் உந்து நிலையத்துக்கு ஒருமுறை போயிருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். ஒரு தகரக் கதவு, பத்தடி அகல அறை, சுவரில் பேனல் போர்டு, வெளியே கம்பி வலை போட்ட கிணறு. கடல் அங்கிருந்து கூப்பிடு தூரம். ஆபரேட்டர் என்னை உட்காரச் சொல்லிவிட்டு அன்றாடக் குறிப்பு நோட்டை எடுத்து நீட்டினார். மோட்டார் எத்தனை மணிக்குப் போட்டது, எத்தனை மணிக்கு நிறுத்தியது என்று பேனாவில் வரிசையாக எழுதியிருந்தது.

"இதுல அமாவாசை எதுன்னு சொல்லுங்க சார்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் விரலை வைத்துக் காட்டினார். மாதத்தில் இரண்டு இடங்களில், மூன்று நான்கு நாளைக்கு, மோட்டார் ஓடிய நேரம் கூடியிருந்தது. அமாவாசையும் பௌர்ணமியும். ஓதம் உயர்ந்தால் மண்ணுக்கடியில் உப்புத் தண்ணீர் உயரும். உயர்ந்த தண்ணீர் குழாய் இணைப்பின் விரிசல் வழியாக உள்ளே கசியும். ஊர்க் கழிவோடு கடலையும் சேர்த்து அந்த மோட்டார் இறைத்துக்கொண்டிருந்தது. "கடலுக்கும் சேத்து கரண்டு பில் கட்டுறோம்ணே, என்ன செய்யுறது" என்றார். பேசப் பேச சார் அண்ணனாகிவிட்டது.

கசியும் கடல்நீர் செலவோடு போனால் பரவாயில்லை. கடல்நீரில் சல்பேட் என்ற உப்பு அதிகம். காற்றில்லாத குழாய்க்குள் கிருமிகள் அதைத் தின்று ஹைட்ரஜன் சல்பைடை வெளியிடும். அழுகிய முட்டை வாடை என்று நாம் சொல்வது அதுதான். அந்த வாயு குழாயின் மேல்வளைவில் ஈரத்தோடு படிந்து, வேறு கிருமிகளின் வேலையால் கந்தக அமிலமாகிறது. அமிலம் கான்கிரீட்டைத் தின்கிறது. குழாய் அடியில் தேய்வதில்லை. தலையில் தேய்ந்து ஒரு நாள் தெருவோடு உள்ளே இறங்குகிறது. மேன்ஹோலுக்குள் இறங்கும் தொழிலாளி ஒரே மூச்சில் சாய்வதும் இதே வாயுவால். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருக்கிறது. அதற்குப் பிறகும் செய்தித்தாளில் அந்தச் செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் பக்கத்தைத் திருப்ப எனக்குக் கை வருவதில்லை.

உப்பின் இன்னொரு பாதி, கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியை அரிப்பது. அதைப் பற்றி இந்தியாவில் யாருக்காவது தெரிய வேண்டுமானால் எங்கள் ஊருக்கு வர வேண்டும். அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து, 1948 ஜூலை 25-ஆம் தேதி நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியில் இருக்கிறது. செக்ரி என்றால் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மண்டபம் கடற்கரையில் இரும்புத் தகடுகளையும் கான்கிரீட் துண்டுகளையும் உப்புக் காற்றில் காயவைத்து, ஆண்டுக்கணக்கில் எடை பார்த்துத் துரு எழுதியவர்கள் இங்கே இருக்கிறார்கள். அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறையோ தொண்டியிலேயே இருக்கிறது. கடல் எங்களிடம் இல்லை. கடலைப் பற்றிய படிப்பு இருக்கிறது. எங்கள் மழைத் தண்ணீரும் கண்மாய் கண்மாயாகக் கிழக்கே சரிந்து பாக்கு விரிகுடாவில்தான் விழுகிறது. அந்த ஆழமில்லாத கடலில் கடல்புல் வளர்கிறது; அதை மேய்கிற கடற்பசுவுக்காக 2022-ல் தமிழ்நாடு அரசு காப்பகம் அறிவித்தது. நாம் அனுப்பும் தண்ணீர் கலங்கலாகப் போனால் புல்லுக்கு வெளிச்சம் கிடைக்காது. காரைக்குடிக்காரன் இதை எழுத இவ்வளவு உரிமை போதும் என்று நினைக்கிறேன்.

இனி உயரத்தின் கதை.

1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் எடுத்துக்கொண்டபோதே அது தொடங்கியிருக்கலாம். தொடங்கவில்லை. 1991 அறிவிக்கை ஓதம் ஏறும் கோட்டிலிருந்து கிடைமட்டமாக மீட்டர் எண்ணியது, செங்குத்தாக எண்ணவில்லை. கடலிலிருந்து 500 மீட்டர் தள்ளி மேடும் இருக்கலாம், கடல்மட்டத்தை ஒட்டிய சதுப்பும் இருக்கலாம். விதிக்கு இரண்டும் ஒன்று.

2004 ஜூலையில் மத்திய அரசு எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. கடலோர விதியை மறுபடி பார்ப்பது அதன் வேலை. ஐந்தே மாதத்தில், டிசம்பர் 26-ஆம் தேதி காலை, சுனாமி வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அன்றைக்கு வீடு வீடாகச் சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்த எங்கள் தெருவில், வயதானவர்கள் பேச்சற்று முகப்பில் உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது. எங்கள் முன்னோர் விட்டுவந்த பூம்புகார்க் கரையும் அந்த மாவட்டத்தில்தான் இருந்தது.

2005 பிப்ரவரியில் குழு அறிக்கை கொடுத்தது. ஒரே அளவில் 500 மீட்டர் என்று வைக்காமல், ஒவ்வோர் இடத்திலும் கடல் எதுவரை வரக்கூடும் என்று பார்த்து ஒரு கோடு வரையச் சொன்னது. அபாயக் கோடு என்ற எண்ணம் விதிக்குள் நுழைந்த வாசல் அது. ஓதம், அலை, கடல்மட்ட உயர்வு, கரை அரிப்பு எல்லாவற்றையும் சேர்த்து நூறாண்டுக் கணக்குப் போட வேண்டும். வழியில் 2008-ல் வேறொரு வரைவு வந்தது, கடலையே நம்பிப் பிழைக்கும் மீனவர்கள் அதை ஏற்கவில்லை. மறுபடி சுவாமிநாதனிடமே கேட்டுவிட்டு, 2009-ல் அதைக் கைவிட்டார்கள். 2011 அறிவிக்கையில் அபாயக் கோடு இடம்பெற்றது. நாட்டின் கரை முழுவதையும் வானிலிருந்து படமெடுத்து, அரை மீட்டர் உயர வித்தியாசம் கூடத் தெரிகிற மாதிரி வரைபடம் செய்யும் பெரிய வேலையை இந்திய நில அளவைத் துறை எடுத்துக்கொண்டது. சென்னையில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் கடற்கரை மேலாண்மைக்கான தேசிய மையம் அந்த ஆண்டுகளில்தான் பிறந்தது. அப்பத்தா சொன்ன ஏழு படியை ஒரு நாடே அளந்து பார்த்த மாதிரி இருந்தது எனக்கு.

கோடு 2018-ல் முடிந்தது. அதே ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா புயல் கரையேறியது. தஞ்சாவூர், புதுக்கோட்டையைக் கடந்து எங்கள் மாவட்டம் வரைக்கும் மரம் சாய்த்துவிட்டுப் போனது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. கடலோர ஊர்களில் வாரக்கணக்கில் கரண்டு இல்லை. தென்னையையும் படகையும் எல்லோரும் எண்ணினார்கள், எண்ணத்தான் வேண்டும். கரண்டு இல்லாத ஊரில் கழிவுநீர் மோட்டார் என்ன ஆயிற்று என்று எண்ணியவர் குறைவு.

இரண்டு மாதம் கழித்து, 2019 ஜனவரி 18-ஆம் தேதி, மூன்றாவது அறிவிக்கை. கடலோர மாசைக் குறைக்க வேண்டும் என்பதால், ஓதம் ஏறி இறங்கும் பகுதியிலேயே கழிவுநீர் சுத்திகரிப்பு வசதிகளைப் பாதுகாப்பு நிபந்தனைகளோடு அமைக்கலாம் என்று அனுமதித்தார்கள். நெருக்கமாக வாழும் கடலோர ஊர்களில் நிலம் கிடைக்காத கஷ்டம் தெரிந்தவன் என்பதால் அதை நான் குறை சொல்ல மாட்டேன். சுத்திகரிப்பு நிலையமே இல்லாமல் நேராகக் கடலில் விடுவதைவிட, கடல் ஓரத்தில் ஒன்று இருப்பது மேல். ஆனால் அதே அறிவிக்கையில் அபாயக் கோட்டை ஒழுங்குமுறை எல்லையிலிருந்து எடுத்துவிட்டு, பேரிடர் திட்டமிடலுக்கு உதவும் கருவி என்று ஆக்கிவிட்டார்கள். பாடுபட்டு வரைந்த கோடு கட்டளையாக இல்லாமல் அறிவுரையாக மாறியது. மோட்டாரைக் கடலுக்குப் பக்கத்தில் கொண்டுபோக அனுமதி கொடுத்த நாளிலேயே, அது எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும் என்று சொல்லும் கோட்டின் பல்லைப் பிடுங்கியது தவறு. வழியும் உயரமும் சேர்வதற்குக் கிடைத்த நல்ல நேரம் அது.

சேர்த்தவர்கள் இருக்கிறார்கள். 2012 அக்டோபரில் சாண்டி புயல் நியூயார்க் பக்கம் அடித்தபோது, லாங் ஐலண்டில் பே பார்க் என்ற சுத்திகரிப்பு நிலையத்துக்குள் கடல் புகுந்து இயந்திரங்களை மூழ்கடித்தது. கோடிக்கணக்கான லிட்டர் கழிவுநீர் வெளியே போனது. சில வீடுகளுக்குள்ளும் ஏறியது. திரும்பக் கட்டியபோது சுற்றிலும் வெள்ளத் தடுப்புச் சுவர் எழுப்பி, மின் கருவிகளை உயரத்தில் ஏற்றினார்கள். பெரிய பணக்கார நாட்டுக்குத்தான் அது முடியும் என்று சொல்லிவிட முடியாது. புதிதாகக் கட்டும்போது பேனல் போர்டை இரண்டு மீட்டர் உயர்த்தி வைக்க ஆகும் செலவு சிமெண்டும் கம்பியும்தான். மேன்ஹோல் மூடியைத் தண்ணீர் புகாதபடி இறுக்குவது, ஜெனரேட்டரை மேடையில் ஏற்றுவது, கடல் பக்கம் போகும் குழாய்க்கு ஓதம் திரும்பி ஏறாத ஒருவழிக் கதவு போடுவது, காலித் தொட்டி நிலத்தடி நீரில் மிதந்து எழும்பாதபடி எடை கட்டுவது, இவை எல்லாம் எந்தப் பொறியாளருக்கும் தெரிந்தவை. தெரிந்தவர் போட்டால் உண்டு, போடாவிட்டால் கேட்பதற்கு விதி இல்லை என்ற நிலை மாற வேண்டும். அபாயக் கோட்டுக்குள் வரும் ஒவ்வோர் உந்து நிலையத்துக்கும், இந்த உயரத்துக்குக் கீழே மின்சாதனம் கூடாது என்று ஒரே ஒரு வரி எழுத வேண்டும். கோடு கையில் இருக்கிறது. 2018-லிருந்து இருக்கிறது.

அந்த உந்து நிலையத்தில் கிளம்பும்போது ஆபரேட்டர் அறைக்குள் கூப்பிட்டுச் சுவரைக் காட்டினார். வெள்ளையடித்த சுவரில் கரிக்கட்டியால் மூன்று கோடு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு தேதி. தண்ணீர் உள்ளே வந்து நின்ற மட்டம். மேல் கோடு என் முழங்காலுக்கு மேலே இருந்தது. பக்கத்தில் கஜா என்று எழுதியிருந்தார். பேனல் போர்டு அந்தக் கோட்டுக்கு ஒரு சாண் மேலே இருந்தது. முன்பு கீழே இருந்ததாம். புதிதாக வந்த உதவிப் பொறியாளரிடம் இந்தக் கரிக்கோட்டைக் காட்டியதும், அவர் மாற்றிக் கொடுத்தாராம்.

"ஆர்டர் எதுவும் இல்லண்ணே. அவரா செஞ்சு குடுத்தாரு" என்றார்.

வெளியே வந்து அறை வாசல் படியை எண்ணினேன். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது பழக்கம். இரண்டு படி இருந்தது.